பதிவேட்டில் இல்லாத 60 மீட்டர்: பினாங்குத் தாமான் ஒன்றின் நடைபாதைக் கதை

எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், 14-ஆம் எண் வீட்டு ஆச்சிக்கு 71 வயது. ஒரு ஆகஸ்ட் மாதக் காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பியவர் தன் வாசலைத் தாண்டிப் பத்தடி கூடப் போகவில்லை, தெருவோர வடிகாலான லோங்காங்கின் சிமெண்ட் மூடி ஒன்று காலடியில் உடைந்து வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. விழும்போது கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. சத்தம் கேட்டு ஓடினேன். இரண்டு பேராகப் பிடித்துத்தான் அவரைத் தூக்க முடிந்தது.

அவரை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு வந்து அந்த மூடியை உட்கார்ந்து பார்த்தேன். பாதி வடிகாலுக்குள் கிடந்தது, பாதி விளிம்பில் தொங்கியது. உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்து உப்பி, சுற்றியிருந்த சிமெண்டை ஏடு ஏடாகப் பிளந்திருந்தது. இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடம் கேட்கும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். மேலே நடப்பவர் கண்ணுக்கு ஒரு மெல்லிய விரிசல்தான் தெரியும். அந்த விரிசலை இரண்டு வருடமாகத் தாண்டித் தாண்டிப் போனவன் நான், ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த இடத்தைச் சரிசெய்து முடிக்க 18 மாதம் ஆயிற்று. அந்த 18 மாதத்தில், ஒரு ஊராட்சி மன்றம் சாலைக்கும் நடைபாதைக்கும் எங்கிருந்து பணம் எடுக்கிறது, எதை முதலில் செய்வது என்று எப்படி முடிவு செய்கிறது என்பதை நான் முதன்முறையாகத் தெரிந்துகொண்டேன். நம் தாமான்களில் இதே பிரச்சினையோடு இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் முழுக் கதையையும் எழுதுகிறேன். பினாங்கில் இரண்டு மாநகர் மன்றங்கள் இருக்கின்றன, தீவுக்கு ஒன்று, எதிர்க்கரையில் இருக்கும் செபராங் பிறைக்கு ஒன்று. எங்களுடையது எது என்பதை எழுதவில்லை, ஏனென்றால் நான் சந்தித்த அதிகாரிகள் யாரும் கெட்டவர்கள் இல்லை, இதே கதை எந்த மன்றத்திலும் நடக்கக்கூடியது.

முதல் புகாரை அன்று மாலையே கொடுத்தோம். நானும் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் தனித்தனியாக. மூன்றிலும் "சாலை பழுது" என்ற பிரிவைத்தான் தேர்ந்தெடுத்தோம், படமும் போட்டோம். ஐந்தே நாளில் ஒரு லோரி வந்தது. எங்கள் சந்தின் தொடக்கத்தில் இருந்த ஒரு குழியில் தார்க் கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி, லோரிச் சக்கரத்தை அதன்மேல் இரண்டு முறை ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் மூன்று புகாரும் "முடிந்தது" என்று பதில் வந்தது. மூடி அப்படியே கிடந்தது. நாங்கள் ஒரு பழைய கதவுப் பலகையை அதன்மேல் போட்டு, பக்கத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்தோம்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் அப்புறம் புரிந்தது: சாலைக்கு ஒரு குழு, வடிகாலுக்கு இன்னொரு குழு. நாங்கள் சாலை என்று எழுதினோம், சாலைக் குழு வந்தது, சாலையில் இருந்த குழியை அடைத்தது. லோங்காங் மூடி அவர்கள் வேலையில்லை.

இதில் வேதனையான விஷயம், சட்டம் இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது 133-ஆவது சட்டம், "தெரு" என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் நடைபாதையும் அடக்கம், தெரு ஓரத்து வடிகால்களும் ஒதுக்கு நிலமும் அந்தத் தெருவின் பகுதியாகவே கருதப்படும். ஆக ஆச்சி விழுந்த இடம் சட்டப்படி தெருதான். அதே சட்டம் பொதுத் தெருக்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஊராட்சி மன்றத்திடம் கொடுக்கிறது, ஆனால் கையில் இருக்கும் நிதி இடங்கொடுக்கும் அளவுக்கு என்று ஒரு வாசகத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. அந்த வாசகத்துக்குள்தான் மற்ற எல்லாமே அடங்கியிருக்கிறது.

சரி, யாருடைய சாலை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மலேசியாவில் சாலைகள் ஒரே கையில் இல்லை. கூட்டரசு சாலைகள் மத்திய அரசுடையவை, நிபோங் திபால் வழியாகப் போகும் 1-ஆம் எண் சாலையைப் போல. தீபகற்பத்தில் அவற்றின் அன்றாடப் பராமரிப்பை 2001 முதல் குத்தகை நிறுவனங்கள் பார்க்கின்றன, மேலே பொதுப்பணி இலாகா, அதாவது ஜேகேஆர், மேற்பார்வை செய்கிறது. மாநிலச் சாலைகளை மாநில ஜேகேஆர் பார்க்கிறது. ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் தெருக்கள் மன்றத்துடையவை. இவற்றுக்கு வெளியே தனியார் சாலை என்று ஒன்று இருக்கிறது, அதில்தான் பலர் தெரியாமலே குடியிருக்கிறார்கள். வெறும் எண் மட்டும் எழுதிய சாலைப் பலகை இருந்தால் அது கூட்டரசு சாலை, எண்ணுக்கு முன்னால் ரோமன் எழுத்தில் 'P' இருந்தால் பினாங்கு மாநிலச் சாலை, எதுவுமே இல்லையென்றால் மன்றத்தில் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டரசு சாலைக் குழிகளுக்கு 2023-இல் பொதுப்பணி அமைச்சு தொடங்கிய மைஜாலான் செயலி இருக்கிறது. எங்கள் சந்து கூட்டரசு சாலை இல்லை.

அக்டோபரில் மன்றத்தின் பொறியியல் பிரிவுக்கு நேரில் போனேன். முகப்பில் இருந்த மலாய்க்கார அதிகாரி, இளம் பெண், எங்கள் தாமான் வரைபடத்தைக் கணினியில் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் சந்து மொத்தம் 150 மீட்டர். திரையில் ஒரு பச்சைக் கோடு சந்தின் தொடக்கத்திலிருந்து புறப்பட்டு, பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது.

"அங்கிள், 90 மீட்டர் வரைக்கும்தான் எங்கள் பதிவில் இருக்கிறது. மீதி 60 மீட்டர் இல்லை" என்றார் மலாயில்.

"ஏன் புவான்? 30 வருடமாக அங்கே ஆள் குடியிருக்கிறார்களே, வரியும் கட்டுகிறார்களே?"

"மதிப்பீட்டு வரி வீட்டுக்கு. இது சாலையின் கணக்கு."

அந்த இரண்டாவது பதிலை நான் அங்கே நின்றபடியே மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆச்சியின் வீடு அந்த 60 மீட்டரில் இருக்கிறது.

நடந்தது இதுதான். தாமானை ஒரே மூச்சில் கட்டவில்லை. முதல் கட்டத்துச் சாலைகளை வீடுகளைக் கட்டி விற்ற நிறுவனம் முறைப்படி மன்றத்திடம் ஒப்படைத்தது. சந்தின் கடைசித் துண்டு இரண்டாம் கட்டத்தில் வந்தது, வீடுகள் விற்றுப் போயின, சாவிகள் கைமாறின, ஆனால் சாலையை ஒப்படைக்கும் காகித வேலை முடியவே இல்லை. நிறுவனம் அப்புறம் மூடப்பட்டுவிட்டது. குப்பை லோரி வந்தது, தெருவிளக்கு எரிந்தது, எனவே யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எங்களுக்கு அது ஒரே தெரு.

இந்தப் பதிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பணம் அதைப் பார்த்துத்தான் வருகிறது. கூட்டரசு அரசியல் சட்டத்தின் 109-ஆவது விதி மாநிலங்களுக்கு மத்திய அரசு கொடுக்க வேண்டிய மானியங்களில் ஒன்றாக மாநிலச் சாலை மானியத்தைச் சொல்கிறது, எப்படிக் கணக்கிடுவது என்பது பத்தாவது அட்டவணையில் இருக்கிறது. அடிப்படை எளிது: எவ்வளவு நீளச் சாலை, ஒரு குறைந்தபட்சத் தரத்தில் அதைப் பராமரிக்க ஆகும் சராசரிச் செலவு எவ்வளவு. அந்த நீளத்தைப் பதிந்து வைக்கும் முறைக்குத்தான் மாரிஸ் என்று பெயர், மலேசியச் சாலைப் பதிவுத் தகவல் முறை. மன்றங்களில் இப்போது அந்த மானியத்தையே மாரிஸ் பணம் என்றுதான் சொல்கிறார்கள். அது மாநிலத்துக்கு வந்து, அங்கிருந்து மாநில ஜேகேஆருக்கும் ஊராட்சி மன்றங்களுக்கும் பிரிந்து போகிறது. ஒரு தெரு அந்தப் பட்டியலில் இருந்தால் ஆண்டுதோறும் அதன் பெயரில் ஒரு தொகை உள்ளே வருகிறது. இல்லையென்றால், எவ்வளவு பெரிய குழி இருந்தாலும் ஒரு காசும் வராது. நாங்கள் எத்தனை படம் அனுப்பியும் நடக்காததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. எங்கள் 60 மீட்டருக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட எந்தக் கணக்கிலும் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் அந்த அட்டவணையில் இருக்கிறது, அதைப் பிற்பாடு படித்தபோதுதான் நடைபாதைகளின் நிலைமை எனக்கு விளங்கியது. பராமரிப்பு என்றால் சாலையையும் அதைச் சேர்ந்த பாலம், மதகு, ஓரச் சாதனங்களையும் முதலில் கட்டப்பட்ட நிலையிலோ பிறகு மேம்படுத்தப்பட்ட நிலையிலோ முடிந்த அளவுக்கு வைத்திருப்பது என்று விளக்கம் தருகிறது. அப்படியானால் முதலிலேயே நடைபாதை கட்டாத தெருவில் பராமரிக்க என்ன இருக்கிறது? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழுந்த தாமான்களில் பெரும்பாலும் தனி நடைபாதை கிடையாது. வடிகாலுக்கு மூடி போட்டார்கள், மக்கள் அதன்மேல் நடந்தார்கள், அதுவே நடைபாதை ஆகிவிட்டது. அந்த மூடி நடப்பதற்கென்று கணக்குப் போட்டுச் செய்த பொருளும் இல்லை, சாலை என்று எண்ணப்படும் பொருளும் இல்லை. புதிதாக ஒரு நடைபாதை வேண்டுமென்றால் அது பராமரிப்புச் செலவில் வராது, மேம்பாட்டுச் செலவில் வர வேண்டும், அதற்கு வேறு ஒப்புதல், வேறு வரிசை. வண்டி ஓடும் தாருக்கு ஆண்டு மானியம் இருக்கிறது, கால் நடக்கும் இடத்துக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாடு நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன், ஏனென்றால் தாமானுக்குள் நடப்பவர்கள் யாரென்று பார்த்தால் கிழவர்கள், பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும் தாய்மார்கள், கார் ஓட்டத் தெரியாதவர்கள்.

பினாங்கில் இதை யாரும் யோசிக்காமல் இல்லை. 2012-இல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் இரண்டு ஊராட்சி மன்றங்களோடும் சேர்ந்து, பாலினத்தைக் கருத்தில் கொண்ட வரவுசெலவுத் திட்டம் என்ற முயற்சியைத் தொடங்கியது. மக்கள் வீடமைப்பு அடுக்குமாடிகளில், ஆண், பெண், முதியோர், பிள்ளைகள் என்று தனித்தனியாகக் கூட்டி, எந்தப் பழுதை முதலில் பார்க்க வேண்டும் என்று அவர்களையே கேட்டார்கள். ஒரே இடத்தில் குடியிருந்தாலும் எல்லாருடைய நாளும் ஒரே வழியில் போவதில்லை, கேட்டால்தான் தெரியும். எங்கள் சந்துக்கு அப்படி யாரும் வந்து கேட்டதில்லை, ஆனால் அந்த முறையை நாங்கள் பிற்பாடு கடன் வாங்கிக்கொண்டோம், அதைக் கீழே சொல்கிறேன்.

மாரிஸ் பணம் போக, மன்றத்துக்கு இருக்கும் பெரிய சொந்த வருமானம் மதிப்பீட்டு வரிதான், நம் பெரியவர்கள் சுக்காய் பிந்து என்று சொல்வது. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு விழுக்காட்டை வரியாக வைக்கிறார்கள். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி அந்த விழுக்காடு 35-ஐத் தாண்டக் கூடாது, நடைமுறையில் குடியிருப்பு வீடுகளுக்கு அதைவிட மிகக் குறைவு. கணக்குக்காக, மாத வாடகை 800 வெள்ளி பெறக்கூடிய வீடு, விழுக்காடு 8 என்று வைத்துக்கொண்டால், ஆண்டு மதிப்பு 9,600, வரி 768. அதை இரண்டாகப் பிரித்து பிப்ரவரிக் கடைசிக்குள் 384, ஆகஸ்ட் கடைசிக்குள் 384. எங்கள் சந்தில் 22 வீடு. அப்படிப் பார்த்தால் ஆண்டுக்குப் பதினாறாயிரத்துச் சொச்சம் வெள்ளி. அதிலிருந்துதான் குப்பை, வடிகால் துப்புரவு, பூங்கா, மார்க்கெட், சம்பளம் எல்லாவற்றுக்கும் பங்கு போக வேண்டும். 150 மீட்டர் சாலையைச் சுரண்டி எடுத்து 5 சென்டிமீட்டர் புதுத் தார் போட வேண்டுமென்றால் எங்கள் வரி மட்டும் போதாது என்பது அப்போது புரிந்தது. "வரி கட்டுகிறேனே" என்று மேசையைத் தட்டுவதில் அர்த்தம் இருக்கிறது, ஆனால் அந்தத் தட்டலுக்குப் பின்னால் இருக்கும் தொகை நாம் நினைப்பதைவிடச் சிறியது.

இந்த வரியின் வேர் பினாங்கில் ரொம்பப் பழையது. 1800-இல் ஜார்ஜ் டவுனில் மதிப்பீட்டாளர் குழு என்று ஒன்றை அமைத்தார்கள், பிரிட்டிஷ் மலாயாவின் முதல் ஊராட்சி அமைப்பு அதுதான். வீடுகளை மதிப்பிட்டு வரி வாங்கி ஊரின் தெருக்களையும் வடிகால்களையும் அமைக்கும் வேலை அதில்தான் தொடங்கியது. அந்தத் தெருக்களை வெட்டியவர்களில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் இருந்தார்கள். அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மலாயாவின் சாலைகளைப் போட்டதும் காத்ததும் பெரும்பாலும் தமிழ்க் கூலிகள்தான்.

என் அப்பாவும் அவர்களில் ஒருவர். ஜேகேஆர் சாலைக் கூட்டத்தில் வேலை செய்தார், நாங்கள் இலாகா லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இத்தனை மைல் என்று சாலை இருக்கும், அந்த மைலுக்கு மண்டோர், அதாவது கூட்டத்தின் மேற்பார்வையாளர், பொறுப்பு. மழை விட்டதும் அப்பா முதலில் எடுப்பது தார் இல்லை, மண்வெட்டி. சாலையோரப் புல்லைச் செதுக்கி, தண்ணீர் ஓடையில் இறங்க வழி வெட்டிவிடுவார். "ரோட்டுல தண்ணி நிக்கக் கூடாதுடா, நின்னா உள்ள எறங்கிடும்" என்பார். குழி விழுவதன் விஞ்ஞானம் முழுவதும் அதில் அடங்கியிருப்பதை நான் ஐம்பது வயதுக்கு மேல்தான் உணர்ந்தேன். வெயிலில் தார் காலப்போக்கில் காய்ந்து இறுகி விரிசல் விடுகிறது, விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி அடியில் இருக்கும் கல் படுகையை இளக்குகிறது, மேலே ஒவ்வொரு சக்கரம் ஏறும்போதும் சேறு பிதுங்கி வெளியே வருகிறது, அடியில் வெற்றிடம், ஒரு நாள் மேல்தளம் உள்ளே விழுகிறது. அதனால்தான் ஈரக் குழியில் கலவையைக் கொட்டித் தட்டிவிட்டுப் போனால் அடுத்த பெருமழையோடு அது போய்விடுகிறது. முறையான ஒட்டு என்றால் ஓரங்களைச் சதுரமாக அறுத்து, ஈரமான பொருளை முழுக்கத் தோண்டி எடுத்து, அடித்தளத்தை இறுக்கி, ஒட்டுத் தார் தெளித்து, சூடான கலவை போட்டு உருளையால் அழுத்த வேண்டும். எங்கள் சந்தின் தொடக்கத்தில் போட்ட ஒட்டு நவம்பர் வரை கூடத் தாங்கவில்லை.

அப்பாவின் பேச்சு நினைவில் இருந்ததால் அடுத்த மழையில் குடையோடு சந்து முழுக்க நடந்து பார்த்தேன். தார் ஓரத்திலிருந்து தண்ணீர் லோங்காங்குக்குள் விழுவதற்குக் கரைக்கல்லில் சிறு துவாரங்கள் விட்டிருப்பார்கள், ஒரு சாண் அகலம். எங்கள் சந்தில் அவற்றில் முக்கால்வாசி அடைபட்டிருந்தன. அடைத்தது வேறு யாரும் இல்லை, நாங்கள்தான். கார் நிறுத்துமிடத்தைப் பெரிதாக்கியபோது வடிகாலின்மேல் கான்கிரீட் சரிவு போட்டோம், சிலர் அதன்மேல் டைல்ஸ் ஒட்டினார்கள், துவாரம் உள்ளே போய்விட்டது. இரண்டாவது கார் வாங்கியவர்கள் அதை லோங்காங் மூடிமேல் ஏற்றி நிறுத்தினார்கள். நடக்கும் மனிதரைத் தாங்கச் செய்த மூடி ஒரு டன்னுக்கு மேலான வண்டியை எத்தனை வருடம் தாங்கும்? ஆச்சி காலில் உடைந்த மூடியின்மேல் பக்கத்து வீட்டு வேன் தினமும் ஒரு சக்கரத்தை ஏற்றி நின்றது எல்லாருக்கும் தெரியும். மன்றத்தைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதாவிட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது.

குழாய்க்காகத் தோண்டியதும் ஒரு காரணம். ஒரு சமயம் பழைய தண்ணீர்க் குழாயை மாற்றினார்கள், அது தேவையான வேலை. ஆனால் மூடிய பள்ளம் ஒரு வருடத்தில் இரண்டு விரல் ஆழத்துக்கு இறங்கி, சந்தின் நீளத்துக்கும் ஒரு வாய்க்கால் மாதிரி ஆகிவிட்டது. தோண்டுபவர் ஒருவர், மேல்தளத்துக்குப் பொறுப்பு வேறொருவர் என்றால், மண்ணை அடுக்கடுக்காக இறுக்கினார்களா என்று பார்க்க அந்த நேரத்தில் அங்கே ஒரு ஆள் நிற்க வேண்டும். யாரும் நிற்கவில்லை.

கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மேலே நடக்கிறோம் என்பதை நாடே பார்த்த நாள் 2024 ஆகஸ்ட் 23. கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து குடும்பத்தோடு சுற்றுலா வந்த ஒரு பெண்மணி 8 மீட்டர் ஆழத்துக்குள் போனார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. நமக்கெல்லாம் அந்தத் தெரு வேறு ஊர்த் தெரு இல்லை, தீபாவளிக்குச் சேலை எடுக்கவும் பூ வாங்கவும் போன இடம். அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சும் இல்லாமல் எல்லாரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் லோங்காங்கை அதோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் நடைபாதை என்பது மேலே தெரியும் கல் மட்டும் இல்லை, அடியில் ஓடும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பராமரிப்பு என்பதை அதற்கப்புறம் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, எங்கள் சந்துக்கு வருகிறேன். மன்ற அதிகாரி என்னை அனுப்பும்போது ஒரு வழியும் சொல்லித்தான் அனுப்பினார். அந்த 60 மீட்டர் நிலம் சாலை ஒதுக்கு நிலம்தான் என்று நில அலுவலகத்திலிருந்து உறுதிக் கடிதம் வேண்டும், அப்புறம் அளவெடுக்க வேண்டும், அப்புறம் மன்றம் ஏற்றுக்கொள்ள வேண்டும். குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் எழுதினோம், சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்தில் ஒரு நகல், மன்ற உறுப்பினரிடம் ஒரு நகல். நிலம் நல்லவேளையாக அரசுக்கு ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டிருந்தது. சாலையின் காகிதம்தான் விடுபட்டிருந்தது. நிலமே நிறுவனத்தின் பெயரில் இருந்திருந்தால் இந்தக் கதை இன்னும் முடிந்திருக்காது, தனியார் சாலையைச் செப்பனிடும் செலவை ஓரத்து வீட்டுக்காரர்களிடமே மன்றம் வசூலிக்கவும் 133-ஆவது சட்டத்தில் வழி இருக்கிறது.

மன்ற உறுப்பினர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் அவர்களுக்கு வாக்களிப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது, ஒரு மன்றத்தில் அதிகபட்சம் 24 பேர். மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் நடந்ததே ஜார்ஜ் டவுனில்தான். 1965-இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள், 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதை முடித்துவைத்தது. பினாங்கு மாநிலம் திரும்பக் கொண்டுவர முயன்று, 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. என் கருத்து, சாலை விஷயத்தில் இந்த இழப்பு தினமும் தெரிகிறது. எங்கள் 60 மீட்டருக்காக ஓட்டு இழக்கப் போகிறவர் யாருமே மன்றத்தில் இல்லை. ஆனால் மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்தது என்று அதே சட்டம் சொல்கிறது. நானும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரும் இரண்டு கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். பேச முடியாது, ஆனாலும் பிறகு உறுப்பினரைப் பார்த்தபோது அவருக்கு எங்கள் முகம் தெரிந்திருந்தது.

அதற்குள் டிசம்பர் வந்துவிட்டது. நிதியாண்டு முடியப் போகிறது, மீதமிருக்கும் ஒதுக்கீட்டைச் செலவழித்தாக வேண்டும், எனவே பதிவில் இருந்த 90 மீட்டருக்கு மட்டும் திடீரென்று புது மூடிகள் வந்தன. 90 மீட்டர் முடிந்த இடத்தில், ஒரு கோடு கிழித்த மாதிரி, வேலையும் நின்றது. அந்தக் காட்சி எங்களுக்கு வலித்தது, ஆனால் எங்கள் பக்கத்தில் இருந்த மிக வலுவான சாட்சியும் அதுவே ஆயிற்று. புதுசும் பழசும் ஒட்டி நிற்கும் அந்த இடத்தைப் படமெடுத்து ஒவ்வொரு கடிதத்தோடும் இணைத்தோம்.

இந்த ஆண்டுக் கடைசி அவசரம் பினாங்குக்குப் பொருந்தாத ஒன்று. இங்கே மழை உச்சத்துக்குப் போவது செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, 2017 நவம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜனவரியும் பிப்ரவரியும்தான் காய்ந்த மாதங்கள். தார் போட ஏற்ற மாதங்களில் புது ஒதுக்கீடு இன்னும் விலைக்கோரல் மேசையில் இருக்கிறது, வேலை கையில் வரும்போது மழை வந்துவிடுகிறது. முந்தைய ஆண்டிலேயே அளவெடுத்து, விலை கேட்டு, ஜனவரியில் உருளை இறங்குகிற மாதிரி திட்டமிட்டால் அதே பணத்தில் சாலை கூடுதல் காலம் நிற்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வரை வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு எது காய்ந்த நாளில் போட்ட தார், எது மழையில் போட்டுப் பெயர்ந்த தார் என்று பாதமே சொல்லிவிடும்.

மார்ச்சில் அளவெடுத்தார்கள். மே மாதம் நிலக் கடிதம். ஜூலையில் மன்றம் 60 மீட்டரையும் ஏற்றுக்கொண்டது. மாரிஸ் பட்டியலில் சேர்ந்து பணம் வருவதற்கு இன்னும் காலம் ஆகும் என்பதால், மூடிகளை மன்றம் தன் சொந்தப் பணத்தில் செய்ய ஒப்புக்கொண்டது. சிறிய வேலை, குத்தகையாளர்களில் கடைசித் தரமான ஜி1 தரத்தவர் செய்யக்கூடியது, அந்தத் தரத்துக்கான உச்சவரம்பில் எங்களுடையது ஒரு மூலைக்குக்கூட வராது.

அப்போதுதான் அந்த அடுக்குமாடி முறையைக் கடன் வாங்கினோம். எல்லா மூடியையும் ஒரே மாதிரி மாற்றப் பணம் இல்லை என்றதும், 22 வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் தனியாக உட்கார வைத்து, தினமும் எந்தப் பக்கமாக நடக்கிறீர்கள் என்று கேட்டோம். ஆண்களான நாங்கள் சந்தின் இடது பக்கத்தைத்தான் நினைத்திருந்தோம், கார்கள் அங்கே திரும்புவதால். அவர்கள் எல்லாருமே வலது பக்கம், மாமர நிழல் காரணமாக. வரைபடத்தை மாற்றிக் கொடுத்தோம். கார் ஏறும் இடங்களுக்குத் தடித்த மூடி, நடக்கும் இடங்களுக்குச் சாதாரண மூடி. பதிலுக்கு மன்றம் ஒன்று கேட்டது: கரைக்கல் துவாரங்களை அடைத்தவர்கள் தங்கள் செலவில் திறக்க வேண்டும். மூன்று வீடுகள் டைல்ஸை உடைக்க மறுத்தன, ஒரு மாதம் பேச்சு வார்த்தை இல்லாமல் போயிற்று, கடைசியில் வேன்காரர்தான் முதலில் உடைத்தார். அவர் ஏன் உடைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பரில் மூடிகள் வந்தன. வேலை மேற்பார்வையாளர் நம்மாள், அவரிடம் போய், "அண்ணே, மூடி உட்காரும் சுவர் மேல்பகுதியும் பொரிஞ்சு கிடக்கு, அதைச் சரி பண்ணாமல் போட்டால் ஆடும்" என்றேன். அவர் குனிந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு, ஆட்களை அழைத்து இரண்டு நாள் சுவரைப் பூசச் சொன்னார், அது குத்தகையில் இல்லாத வேலை. மறுபடி பிப்ரவரியில், நல்ல வெயிலில், 150 மீட்டருக்கும் சேர்த்துச் சுரண்டித் தார் போட்டார்கள். 90 மீட்டரில் இருந்த அந்தக் கோடு இப்போது தெரியவில்லை.

மின்கம்பம் ஒன்று இன்னும் வலது பக்க மூடிகளின் நடுவில் நிற்கிறது, சக்கர நாற்காலியோ பிள்ளை வண்டியோ அதைத் தாண்ட முடியாது, தாருக்கு இறங்கித்தான் போக வேண்டும். கம்பத்தை நகர்த்தும் செலவு யாருடையது என்பதில் இரண்டு தரப்புக்கும் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது. ஆச்சியின் கை கூடிவிட்டது, வாளி தூக்க மட்டும் முடியவில்லை. காலையில் மார்க்கெட்டுக்குப் போகும்போது அவர் புது மூடிமேல் நடப்பதில்லை, சந்தின் நடுவில் தார்மேல்தான் நடக்கிறார். மோட்டார் வருகிறது, ஓரமாக வாங்க ஆச்சி என்றால், "நீ போ தம்பி, நான் இப்படியே வரேன்" என்கிறார்.